ஷட்டர் சத்தம்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான், எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் இறந்த பிறகு, கோவை கணபதியில் இருக்கும் எங்கள் எஸ்.டி.டி. பூத்தின் ஷட்டரைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. பக்கத்து லேத் பட்டறைக்காரர் வந்து தூக்கிவிடும்வரை தினமும் வாசலில் நிற்பேன்.

"நானில்லீனா கடையே இல்லீங்களாக்கா?" என்று ஒருநாள் அவர் சிரித்தார். அன்றிலிருந்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பஸ்கி எடுத்தேன், நிறைகுடம் தூக்கிப் பழகினேன்.

நாத்தனார் பார்த்துவிட்டார். "குச்சியாட்டம் இருக்கறே, இன்னும் எளைக்கோணுமா அம்மணி?"

"எளைக்கறதுக்கில்லீங்க, ஷட்டர் தூக்கறதுக்கு."

ஒரு காலையில் ஷட்டர் மேலே போனது. வீட்டுக்காரர் திறக்கும்போது கேட்கும் அதே கரகர சத்தம். அவர்தான் கைகொடுத்தாரோ என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. பிடியை விடாமல் முழுக்க மேலே தள்ளினேன். இன்றும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பத்தான் செய்கிறேன்.

அன்று பட்டறைக்காரர் ஷட்டர் தூக்க வந்தபோது, பூத்தில் ஏற்கெனவே ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.