கிழங்கு காயும் சோலார்

போன ஞாயிறு, புதுக்கடைப் பக்கம் நண்பன் ஞானதாஸின் வீட்டுக்குப் போயிருந்தேன். மொட்டை மாடி முழுக்க நீலநீலமாய் சோலார் பேனல். அதன்மேல் பழைய சேலைகளை விரித்து, மூலைக்கு மூலை கயிறு கட்டி... அரிந்து அவித்த மரச்சீனிக் கிழங்கு காய்ந்துகொண்டிருந்தது.

எனக்குத் திக்கென்றது. அவன் மனைவி லில்லிபாய் சாவகாசமாகக் கிழங்கைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“பேனல்ல நிழல் விழப்படாதுன்னு சொல்லுவாவளே...” என்று இழுத்தேன்.

“கரண்டு எடுத்தாத்தான சாரே நிழல் பாக்கணும்? சும்மாதான கெடக்கு. சாய்வா இருக்கதுனால கெழங்குத் தண்ணி நல்லா வடியுது. கோழியும் ஏறாது.”

அரசாங்கத்தின் சூரியசக்திக் கொள்கையால் விளைந்த பயன்களில், நான் கண்ணால் பார்த்தது இது ஒன்றுதான்.

ஞானதாஸ் வாலிபம் முழுக்க வளைகுடாவில் எண்ணெய்க் கம்பெனியில் கழித்தவன். எதை நம்பி நாடு இருக்கக் கூடாது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களோ, அதை நம்பித்தான் அவன் வீடு அஸ்திவாரம் முதல் கேட் வரை எழும்பியது. எங்கள் மாவட்டத்தில் அப்படி எத்தனையோ வீடுகள். மகன் ஷாஜினை லீவில் வந்தபோது மட்டுமே பார்த்தவன். அதனால் ஊர் திரும்பியபோது அவனுக்கு இருந்தது ஒரே ஆசை — இவனாவது வெளிநாடு போகாமல் கண்முன்னே இருக்க வேண்டும்.

ஷாஜின் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ. சோலார் மாட்டுவதற்குத் தனி கோர்ஸ் வேறு படித்திருந்தான். அந்த நேரம் பார்த்து அறிவிப்பு வந்தது. வெளிநாட்டு எண்ணெயை நம்ப வேண்டாம், கூரைக்குக் கூரை மின்சாரம், இளைஞர்களுக்கு உள்ளூரிலேயே வேலை! அப்பனும் மகனும் நம்பிவிட்டார்கள். டிவியில் சொன்னால் நம்பிவிடுகிற அப்பாவிக் குடும்பம்.

முதலில் சொந்த வீட்டில் மாட்டுவது, பார்த்துவிட்டு ஊரே ஆர்டர் கொடுக்கும் என்பது திட்டம். எங்கள் ஊர் வழக்கம் தெரியுமா? எந்தப் பொருளானாலும் பக்கத்து வீட்டுக்காரன் வாங்கி, அது ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியான பிறகுதான் நாங்கள் பையில் கை விடுவோம். பேனல் மாட்டிய வார ஞாயிறே, சர்ச்சில் ஆராதனை முடிந்த கையோடு பாதிச் சபை மாடி ஏறி வந்தது. எல்லோருக்கும் ஒரே கேள்வி.

“கரண்டு வருதா?”

“மீட்டர் வரணும்” என்றான் ஷாஜின்.

வீட்டில் மிஞ்சும் மின்சாரத்தை லைனுக்கு அனுப்பிக் கணக்கு வைக்கத் தனி மீட்டர் வேண்டும். அதை மாட்டும்வரை ஸ்விட்சைத் தொடக் கூடாது. அலுவலகத்தில் கேட்டால், ஸ்டாக் இல்லை. ஸ்டாக் வந்த பிறகு கேட்டால், டெஸ்ட் செய்கிறவர் லீவு. சூரியன் மட்டும் தவறாமல் டியூட்டிக்கு வந்துகொண்டிருந்தது. பாவம், அதற்கு விதிமுறை தெரியாது.

நடுவில் ஜங்ஷனில் சோலார் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. அதிகாரி பெட்ரோல், டீசலின் தீமைகளை அடுக்க ஆரம்பித்ததும் கரண்டு போனது. டீசல் ஜெனரேட்டரை ஓடவிட்டு மிச்சத் தீமைகளைச் சொல்லி முடித்தார். கைதட்டினோம். வேறென்ன செய்ய?

மாதங்கள் போயின. மாடி ஏறிப் பார்த்தவர்களில் ஒருவர்கூட ஆர்டர் கொடுக்கவில்லை. வேலை செய்யாத பேனலைக் காட்டி எவனிடம் போய் ஆர்டர் கேட்பது?

போன ஞாயிறு, கிழங்கு காயும் மாடியிலிருந்து கீழே இறங்கிக் காப்பி குடிக்கும்போது ஷாஜின் மெல்லச் சொன்னான்.

“விசா வந்தாச்சு மாமா. அடுத்த வாரம் ஃபிளைட்டு.”

“அப்பாவ மாதிரி எண்ணெய்க் கம்பெனியா?”

“இல்ல மாமா. அங்க பாலைவனத்துல பெருசா சோலார் போடுதாவ. மாட்டுகதுக்கு ஆளு வேணுமாம்.”

எண்ணெய் மேல் உட்கார்ந்திருப்பவன் வெயிலுக்கு ஆள் எடுக்கிறான். வெயிலில் உட்கார்ந்திருக்கும் நாம் மீட்டருக்குக் காத்திருக்கிறோம். இறக்குமதியைக் குறைத்து ஏற்றுமதியைக் கூட்டுவது என்பது இதுதான் போலிருக்கிறது — பிள்ளைகளை ஏற்றுமதி செய்வது. இதைச் சொல்லிச் சிரிக்க வாயெடுத்தேன். ஞானதாஸின் முகத்தைப் பார்த்ததும் காப்பியை எடுத்து உறிஞ்சினேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். மகனைப் பார்க்காமல் என்னிடம் கேட்டான்.

“ஏன் மக்கா, இங்க இல்லாத வெயிலா அங்க அடிக்கு?”