முட்டி போடும் ரோபோவைச் செய்த புஷ்பம் அக்கா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் யாரோ என்று நினைத்து ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னேன். மறுமுனையில் புஷ்பம் அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன். "தம்பி, புஷ்பம் போயிட்டாளுங்க. காத்தால எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிலயே முடிஞ்சு போச்சுங்க" என்றார். எனக்கு என்ன கேட்பது என்று தெரியாமல், "சாப்பிட்டீங்களாண்ணா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

மறுநாள் நாளிதழில் ஓர் இரங்கல் விளம்பரம் வந்தது. புஷ்பம் அக்கா பத்தொன்பது வருடம் வேலை பார்த்த பனியன் கம்பெனி கொடுத்திருந்தது. "எமது நிறுவனத்தின் செக்கிங் பிரிவு ஊழியர் திருமதி மரிய புஷ்பம்" என்று போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். ஏன் கிழித்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது, அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

அக்கா மூலனூர்ப் பக்கம் பிறந்தவர். முருங்கைத் தோட்டங்களில் கூலிக்குப் போன கிறிஸ்தவக் குடும்பம். அந்தோணி அண்ணனைக் கட்டிக்கொண்டு திருப்பூரை ஒட்டிய அருள்புரம் வந்தார். அண்ணன் டெம்போ ஓட்டினார். அக்கா அந்தப் பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தார். டெய்லர் தைக்கத் தைக்கத் துணியை மடித்து எடுத்துக் கொடுக்கிற வேலை அது. இரண்டே வருடத்தில் வெட்டக் கற்றுக்கொண்டார். பேட்டர்ன் மாஸ்டராக இருந்தவர் வேறு கம்பெனிக்குப் போன பிறகு, எந்தச் சட்டைக்கும் அட்டையில் அளவு வரைந்து வெட்டிக் கொடுப்பது அக்காதான். ஆனால் மாஸ்டர் என்பது ஆண்பிள்ளைகளுக்கு உரிய பட்டம் என்று அங்கே ஒரு நினைப்பு. அதனால் வருகைப் பதிவேட்டில் கடைசிவரை அவர் செக்கிங், தைத்ததில் பழுது பார்க்கிற ஆள். அளவில் சந்தேகம் வந்தால் மட்டும் மீசை வைத்த மாஸ்டர்கள் எல்லாரும் அவரிடம் வந்து நிற்பார்கள்.

எண்பதுகளின் பிற்பகுதியில் நான் பி.காம். முடித்த கையோடு அங்கே மெர்ச்சன்டைசராகச் சேர்ந்தேன். பையர் அனுப்புவதை ஆலைக்குச் சொல்வதும், ஆலை செய்வதை பையருக்கு எழுதுவதும் என் வேலை. முதல் ஆர்டரிலேயே, துணி சுருங்கும் என்ற நினைப்பே இல்லாமல் அளவை அப்படியே கொடுத்துவிட்டேன். அக்கா காகிதத்தைத் திருப்பி என் மேசையில் வைத்தார்.

"தம்பி, தண்ணி பட்டா துணி சுருங்குமுங்க. இந்த அளவுல தெச்சா அந்த ஊர்க் கொழந்தைக்குப் பத்தாதுங்க. அந்த ஊர்ப் பொம்மைக்கு வேணா பத்தும்."

அந்த ஊர்ப் பொம்மைக்கே ஒருநாள் அவர் அளவெடுக்கப் போகிறார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பையர் குழந்தைகளுக்கான இரவு உடை கேட்டார்கள். அவர்கள் நாட்டுத் தொலைக்காட்சியில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த ஒரு வீரசாகசத் தொடர். கடலோரக் கலங்கரை விளக்கத்தில் காவல் இருக்கும் இளைஞன் ஒருவன், ஆபத்து வந்தால் ஒரு பெரிய ரோபோவின் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்து கடலில் இறங்குவான். அசல் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. கலங்கரை வீரன் என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். அந்த ரோபோவைப் போலவே உடை இருக்க வேண்டும். ஆனால் பையர் அனுப்பிய படத்தில் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. முதுகு எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு ஒரு வீடியோ கேசட்டும், முதுகு மொழுமொழுவென்று இருந்த ஒரு பழைய பிளாஸ்டிக் பொம்மையும் வந்தன.

மீட்டிங் ரூம் டிவியில் கேசட்டைப் போட்டோம். அக்கா கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்தார். "நிறுத்துங்க தம்பி" என்பார். நான் நிறுத்துவேன். ஆடிக்கொண்டு நிற்கும் படத்தின் மேல் டேப்பை வைத்துத் தலை, தோள், இடுப்பு, முழங்கால் என்று அளந்து குறித்துக்கொள்வார். அந்தப் பக்கமாக வந்த பெரிய முதலாளி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன அம்மிணி, டிவிக்குச் சட்டை தெக்கறயா?"

"டிவிக்கு இல்லீங்க. உள்ள இருக்கறவனுக்குங்க."

மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதே வேலை. உடைக்குத் தேவையான அளவு முதல் வாரத்திலேயே கிடைத்துவிட்டது. அக்கா நிறுத்தவில்லை. பனியன் பெட்டி அட்டையை வெட்டி ரோபோவையே செய்ய ஆரம்பித்தார். ஒன்றரைச் சாண் உயரம். மூட்டுக்கு மூட்டு பிரஸ் பட்டன் அடித்தார், கைகால் மடங்குவதற்காக. காலருக்குள் வைக்கும் கேன்வாஸில் உள்ளே ஓர் இருக்கை. வெட்டுத் துணியில் கட்டை விரல் அளவுக்கு வீரன். நெஞ்சில் விளக்கு வேண்டும் என்றார். என் சொந்த ஊர் அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில் சொல்லி, குங்குமச் சிமிழ் மூடி மாதிரிச் சின்னதாய் ஒரு பித்தளைத் தகடு வாங்கி வந்து கொடுத்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

"சட்டைக்கு இவ்வளவு வேண்டாமேக்கா" என்றேன்.

"சட்டைக்கு வேண்டாமுங்க. இவனுக்கு வேணுமுங்க." பையர் மாதிரிக்கு அனுப்பியிருந்த பழைய பிளாஸ்டிக் பொம்மையைக் கையில் எடுத்துக் காட்டினார். "இதப் பாருங்க, வெறைச்சுட்டு நிக்குது. படத்துல இவன் முட்டி போட்டாத்தானுங்க வீரன் ஏற முடியுது? இதுல ஏணி வெச்சா ஏறுவான்?"

உண்மைதான். தொடரில் ஒவ்வொரு முறையும் அந்த ரோபோ மண்டியிட்டுத்தான் வீரனை ஏற்றிக்கொள்ளும். பொம்மை செய்து விற்றவர்களுக்கு அது கண்ணில் படவில்லை, அக்காவுக்குப் பட்டது.

அந்த மாதமே பையர் அம்மையார் ஆலையைப் பார்க்க வந்தார். கட்டிங் டேபிள் ஓரத்தில் அட்டை ரோபோ மண்டியிட்டிருந்தது. அதன் நெஞ்சுக் கதவைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். யார் செய்தது என்று கேட்டார். அக்கா இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். வெளிநாட்டில் படித்துத் திரும்பியிருந்த சின்ன முதலாளி முந்திக்கொண்டு, "எங்கள் டிசைன் டிபார்ட்மென்ட்" என்றார். அப்படியொரு டிபார்ட்மென்ட் அந்த ஆலையில் எந்த மூலையிலும் கிடையாது. அது எனக்குத் தெரியும். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

சேகரித்து வைப்பவர்களுக்கான உயர்ந்த பொம்மையாக இதைச் செய்யலாம், எல்லா உறுப்புக்கும் வரைபடம் அனுப்புங்கள் என்று அம்மையார் சொல்லிவிட்டுப் போனார். அக்கா பழுப்புத் தாளில் உறுப்பு உறுப்பாக வரைந்தார். அவற்றுடன் போக வேண்டிய கடிதத்தை நான் ஆங்கிலத்தில் டைப் செய்தேன். "வடிவமைப்பு" என்று போட்டு அக்காவின் பெயரை எழுதியிருந்தேன். சின்ன முதலாளி படித்துப் பார்த்து, "கம்பெனி பேர் போதுமே" என்றார். அதட்டக்கூட இல்லை. நான் அந்தத் தாளை மெஷினிலிருந்து உருவிக் கூடையில் போட்டுவிட்டு, பெயர் இல்லாமல் இன்னொன்று அடித்துக் கொடுத்தேன். மறுத்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? வேறு வேலை தேடியிருப்பேன், அவ்வளவுதான். திருப்பூரில் வேலைக்கா பஞ்சம்?

ஒரு வருடம் கழித்துப் பொம்மை வந்து சேர்ந்தது. கண்ணாடித் தாள் ஒட்டிய நீலப் பெட்டி. முழங்கால் மடங்கியது, நெஞ்சுக் கதவு திறந்தது, விளக்கு எரிந்தது. பெட்டியின் பின்புறம் வடிவமைத்தவர் என்று சின்ன முதலாளியின் பெயர் இருந்தது.

அக்காவால் அந்தப் பெட்டியில் இருந்த ஆங்கிலத்தைப் படிக்க முடியாது. பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயோ தம்பி, நாட்சை எடுக்க மறந்துட்டனுங்க!"

நாட்ச் என்பது பேட்டர்னின் ஓரத்தில் போடும் சின்ன முக்கோண வெட்டு. முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு இரண்டு. அதைப் பார்த்துத்தான் டெய்லர் சட்டையின் கையை உடம்புப் பகுதியோடு சேர்ப்பார். தைத்தபின் அது தையலுக்குள் போய்விடும். கைப்பழக்கத்தில் ரோபோவின் தோளுக்கும் அக்கா நாட்ச் போட்டிருந்தார். அச்சு செய்தவர்கள் அதையும் டிசைன் என்று நினைத்து அப்படியே வார்த்துவிட்டார்கள். முன்தோளில் ஒன்று, பின்தோளில் இரண்டு.

சிரித்து முடித்ததும், "பெட்டில என் பேரு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். தன் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டத் தெரியும் அவருக்கு. நான் பொம்மையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

பிறகு சின்ன முதலாளிக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. மண்டபம் நிறையத் தொழிலாளர்கள். மேடையில் ஒருவர் பொம்மையைத் தூக்கிப் பிடித்து, தோளில் இருக்கும் இந்த வெட்டுகள் என்ன என்று மைக்கில் கேட்டார். சின்ன முதலாளி சற்றும் தயங்காமல், "அவை முதல் போரில் ரோபோ பட்ட காயங்கள்" என்றார். நாட்சைப் பார்த்தால் கைமடிக்குக்கூடத் தெரியும். கட்டிங் ஆட்கள் வரிசையில் கிளம்பிய சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார். சிரிக்காதவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும்தான். இருநூறு பேருக்கு உண்மை தெரியும், எழுந்து சொல்ல ஓர் ஆள் இல்லை. அந்த இருநூறில் நானும் ஒருவன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அக்கா ஒரே ஒரு முறை, பெட்டியில் தன் பெயர் ஏன் இல்லை என்று பெரிய முதலாளியிடம் நேரில் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"கம்பெனில செஞ்சா அது கம்பெனிது தானே அம்மிணி?"

"கம்பெனிதுதானுங்க. கம்பெனிக்குக் கை இருக்குதுங்களா, கத்திரி புடிக்கறதுக்கு? என் பேரப் போட்டா பெட்டி கிழிஞ்சா போயிருமுங்க?"

முதலாளி ஃபோனை எடுத்து யாருக்கோ டயல் செய்யத் தொடங்கிவிட்டார். அக்கா வெளியே வந்துவிட்டார்.

அடுத்த வருடம் பையர் இரண்டாவது பொம்மை கேட்டார்கள். சின்ன முதலாளியே கட்டிங் டேபிளுக்கு இறங்கி வந்தார். அக்கா கத்திரியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "டிசைன் டிபார்ட்மென்ட்டுல கேளுங்க சாமி" என்றார். அத்தனை மரியாதையோடு ஒருவரை அறைய முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டாவது பொம்மை வரவே இல்லை.

பிறகு நான் வேறு கம்பெனிக்கு மாறினேன். அக்கா அங்கேயே இருந்தார். சிறுநீரகம் கெட்டுப் படுத்த படுக்கையானபோதும் செக்கிங் பிரிவு ஊழியராகத்தான் விடுப்பு எழுதிக் கொடுத்தார். நாற்பத்தாறு வயது. சாகிற வயதா அது?

அடக்கத்துக்குச் சின்ன முதலாளி காரில் வந்திறங்கினார். கையில் அந்த நீலப் பெட்டி. புகைப்படக்காரர் ஒருவரும் கூடவே வந்திருந்தார். பெட்டியைச் சவப்பெட்டிக்குள் அக்காவின் காலடியில் வைத்துவிட்டுக் கேமராவைப் பார்த்து நின்றார். நான் ஏதாவது செய்வதற்குள் அந்தோணி அண்ணன் முன்னால் வந்துவிட்டார். பெட்டியை எடுத்தார். மேல்மூடியைத் திறந்து பொம்மையை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு, காலிப் பெட்டியைச் சின்ன முதலாளியின் கையில் கொடுத்தார்.

"இதுல உங்க பேரு இருக்குதுங்க சின்ன முதலாளி. இது உங்களுதுங்க, நீங்களே வெச்சுக்குங்க. பொம்மை எங்க ஊட்டுக்காரியுதுங்க."

அண்ணன் ரோபோவின் முழங்கால்களை மடக்கினார். நெஞ்சுக் கதவைத் திறந்தார். அக்காவின் வலது கைப்பக்கம் அதை மண்டியிட வைத்தார். அப்படியே மூடினார்கள்.

மண் போட்டுவிட்டு வீடு திரும்பியதும் அண்ணன் அக்காவின் பைபிளை எடுத்து, அதற்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். "உங்க ஆபீஸ் குப்பைக் கூடைல கெடந்துச்சாமுங்க தம்பி. ஒருநா எடுத்துட்டு வந்தா. மத்ததெல்லாம் படிக்கத் தெரியாது, எம்பேரு இருக்குதுன்னு மட்டும் தெரியுமின்னா." நான் உருவிப் போட்ட முதல் கடிதம் அது. இத்தனை வருடமும் அதை வைத்துக்கொண்டே என்னிடம், சாப்பிட்டீங்களா தம்பி என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அக்கா நீங்கள்.

போய் வாருங்கள் அக்கா. அன்று நான் எடுத்துவிட்ட வரியை, அந்தத் தாளைப் பார்த்து, ஒரு சொல்லும் விடாமல் இங்கே தமிழில் எழுதுகிறேன்:

வடிவமைப்பு: திருமதி மரிய புஷ்பம், பேட்டர்ன் மாஸ்டர், திருப்பூர்.