தங்கமுத்து அக்கா இழுக்கும் நாற்காலி

குற்றம் சாட்டப்பட்டவரின் நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்து, புகார் கொடுத்தவருக்குப் பக்கத்தில் போட்ட பிறகுதான் தங்கமுத்து அக்கா உட்காருவார். "எதிரும் புதிருமா இருந்தா எப்புடிங்க மிஸ் பேசி முடிக்கிறது?" என்பார். நான் அதை எதிர்ப்பக்கத்துக்கே தள்ளிவைப்பேன். அவர் மறுபடி இழுப்பார்.

பொன்னமராவதியில் சிமெண்ட் கடை மாடியில் நான் நடத்தும் ஆங்கிலப் பேச்சு வகுப்பு இது. இந்த மாதம் குற்றமும் சட்டமும். விட்னஸ், அக்யூஸ்டு, பெயில், வெர்டிக்ட் என்று பலகையில் எழுதிப்போட்டு, வகுப்பையே கோர்ட்டாக்கி எல்லோரையும் பேசவைக்க வேண்டும். பாடத்தில் ரயிலில் ஒரு பை திருடுபோகிறது. அக்கா இருந்தால் ஐந்தே நிமிடத்தில் பை திரும்பிவிடும். வெர்டிக்ட் பலகையோடு சரி.

திருடியாக நடிக்கும் மோகனப்ரியாவிடம் அக்கா கேட்கும் முதல் கேள்வி, "யூ ஈட்?" பிறகு என் பக்கம் திரும்புவார். "பசியில எடுத்திருக்கும் புள்ள. இல்லன்னு சொன்னா, கோயில்ல சூடம் அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க. அதுக்கு இங்கிலீஷ்ல என்னங்க மிஸ்?"

"பாடத்தில் அது இல்லை, அக்கா."

"சூடமே இல்லாம என்ன கோர்ட்டு!"

வகுப்பு சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது.

அக்காவுக்கு ஐம்பது நெருங்குகிறது. தையல் கடை வைத்திருக்கிறார். அளவு நாடா கழுத்தில் தொங்கியபடியே வகுப்புக்கு வருவார். யூனிஃபார்ம் ஆர்டர் தரும் பள்ளிக்கூட மேடத்திடம் நிமிர்ந்து பேச வேண்டும், அதற்குத்தான் ஆங்கிலம்.

போன மாதம் அவர் கடை ஓவர்லாக் மெஷின் காணாமல் போனது. அது இல்லையென்றால் துணி ஓரம் பிரியும். ஜூன் ஆர்டர் அத்தனையும் வேறு கடைக்குப் போய்விடும். அண்ணன் மகன் செம்மல் அதைத் தூக்கிக்கொண்டு போவது எதிர்க்கடை கேமராவில் பதிவாகியிருக்கிறது. புகார் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"முறைக்கு மருமகன்ங்க. எடுக்கலன்னு அய்யனார் கோயில்ல சூடம் அடிச்சுட்டான்."

"கேமராவில் முகம் தெரிகிறதே, அக்கா!"

"கேமராவுக்கு என்னங்க தெரியும்? ரிப்பேருக்குக் கொண்டுபோயிருப்பான்."

விட்னஸ் என்ற சொல்லை அவருக்கு ஒன்பது விதமாக விளக்கியவள் நான்.

நேற்று அக்கா தாமதமாக வந்தார். நூல் வாங்க விராலிமலை போன இடத்தில், ஒரு தையல் கடையில் தன் மெஷினையே பார்த்திருக்கிறார். சக்கரத்தில் அவர் கட்டிய சிவப்பு நாடாகூட அவிழவில்லை. விற்றது செம்மல்தான் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

பாடத்தின் நடுவே அக்காவின் போன் அடித்தது. அண்ணன். பேசி முடித்துக்கொள்ளலாம் என்று அவர் இரைவது எனக்கே கேட்டது.

"மெஷினு போனாப் போகுதுண்ணே. பொய்யா சூடம் அடிச்சான்ல? ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கேன். நீ அங்கிட்டுப் போய்ப் பேசு."

போனை வைத்தார். கோர்ட்டைத் தொடங்கச் சொன்னேன். மோகனப்ரியா பழக்கத்தில் நாற்காலியைப் புகார்க்காரர் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தாள். அக்கா அவளை எழுப்பினார். நாற்காலியை இந்தமுறை இழுக்கவில்லை. தூக்கிக்கொண்டு போய், நான் வழக்கமாக வைக்கும் இடத்தையும் தாண்டி, எதிர்ச் சுவரோரம் வைத்தார்.