வாப்பா தூக்கிப் பார்த்த சேவல்

காலை பதினொன்று பத்துக்கு மகளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் நெஞ்சு எழுப்பிய அந்தக் கொர்கொர் சத்தத்தை நான் சிறுவயதில் அதிராம்பட்டினத்தில் ஒரு சேவலிடம் கேட்டிருக்கிறேன்.

சவுதியிலிருந்து வாப்பா வரும் நாளில் அறுப்பதற்காக உம்மா வளர்த்த சேவல் அது. எனக்கோ செல்லம். சளி பிடித்துத் தலை தொங்கிவிட்டது.

"செத்துட்டா ஹராமாயிடும்டி. உசுரு இருக்கையிலயே அறுத்துடணும்" என்று உம்மா கத்தியை எடுத்தார்.

"ரெண்டு நாள் விடுங்க உம்மா!"

பூண்டும் மிளகும் அரைத்து ஊட்டினேன். மூன்றாம் நாள் கூவியது. அன்றே வாப்பா வந்து அதைத் தூக்கிப் பார்த்தார். "தேறிடுச்சே! நல்ல கனம்." மறுநாள் விருந்துக்கு அதைத்தான் அறுத்தார்கள்.

இங்கே மகளுக்கு மருந்துப் புகை வைத்து ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்து தொட்டுப் பார்த்தார். அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பயப்படாதீங்கம்மா, தேறிட்டா" என்றார்.