சூட்டு மாத்திரை

லாரி டிரைவர் சோலை திருப்பரங்குன்றத்தில் எவனுக்கும் பயந்தவனில்லை. பெண்டாட்டி செல்லத்தாயிடம் ஒரே ஒரு உண்மையைச் சொல்லத்தான் பயந்தான். எழுபத்தாறாம் வருஷம் நாக்பூருக்கு லோடு போன இடத்தில் ஒருத்தியிடம் போய் வெட்டை நோயை வாங்கி வந்திருந்தான். ஒன்றுக்குப் போனால் உயிரே போய் வந்தது. தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் மதுரை டவுனுக்குப் போய் ஒரு டாக்டரிடம் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டான்.

"சம்சாரத்தையும் கூட்டிட்டு வாப்பா. அவங்களுக்கும் தொத்தியிருக்கும். விட்டா பிள்ளை பிறக்காமப் போயிரும்" என்றார் டாக்டர்.

கூட்டிப் போனால் குட்டு உடைந்துவிடும். அவள் தாய் வீட்டில் இருப்பதாகப் புளுகினான். டாக்டர் முறைத்துக்கொண்டே கேப்சூல் எழுதிக் கொடுத்து, ஒன்றுகூட மிச்சம் வைக்கக் கூடாது என்றார்.

"ஒனக்கு வெள்ளை படுதுன்னியே, சூட்டுக்கு மாத்திரை வாங்கியாந்திருக்கேன்" என்று செல்லத்தாயிடம் நீட்டினான். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

மறு லோடு போய்த் திரும்பியபோது மாத்திரைகள் குப்பைக்குப் போயிருந்தன. "இங்கிலீஷ் மருந்தே சூடுதேனே மாமா, வயிறு எரியுது. வெந்தயம் ஊறப்போட்டுக் குடிச்சேன், குளுந்துருச்சு" என்று சிரித்தாள். சூடு என்று சொன்னவனே அவன்தான். இனி எதைச் சொல்லி அவளைத் தின்னவைப்பான்?

அப்புறம் அவளுக்கு அடிவயிற்றில் வலி வந்தது, காய்ச்சல் வந்தது, போனது. பிள்ளை மட்டும் வரவில்லை. வருஷங்கள் கழித்து ஒரு டாக்டரம்மா, கருக்குழாய் இரண்டும் அடைத்துவிட்டது, எப்போதோ கிருமி புகுந்திருக்கிறது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். செல்லத்தாய்க்குக் கிருமி என்றது காதில் ஏறவில்லை. தன் உடம்புச் சூடுதான் பிள்ளையைத் தின்றுவிட்டது என்று அழுதாள்.

சோலையின் ஆத்தா இருளாயி அவளை வாசலில் வைத்தே மலடி என்றாள், அவனுக்கு வேறு பெண்ணும் பார்த்தாள். அவன் மாட்டேன் என்று கத்தினான். உடனே தெருவே அவனை மெச்சியது. மலடியைக் கைவிடாத மகராசன் என்றார்கள். அந்தப் பேச்சு அவனை அணு அணுவாகக் கொன்றது.

அன்று சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள் செல்லத்தாய். "வேற ஆம்பளையா இருந்தா என்னைய எப்பவோ தொரத்தியிருப்பான். நீங்க எனக்குச் சாமி மாமா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தச் சாமியும் அவளுக்கு இல்லாமல் போய்விடும். கும்பிட்ட கையைப் பிடித்து இறக்கக்கூடத் தெம்பில்லாமல், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.