ஏழு சட்டை, ஒரே தேதி

திருமயத்தில் வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கிறேன். எத்தனையோ பேருக்கு வேலை செய்து கொடுத்திருக்கிறேன். மனதார அருவருத்தது ஒருவரைத்தான். சென்னையில் பெரிய உத்தியோகம். அம்மாவின் தலைத்திவசத்தில் போட்டுக்காட்ட ஒரு வீடியோ வேண்டுமென்று தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"மாசம் தவறாம வந்து என் கையால ஆத்தாவுக்குக் கஞ்சி ஊட்டிட்டுப் போவேங்க. ஏழு மாசம்! எல்லாம் இதுல இருக்கு. கீழ மாசத்தப் போட்டு வரிசையா ஒட்டிக் குடுங்க."

"கூட இருந்து பாத்துக்கிட்டது யாருங்க?" என்றேன்.

"இவதான். இவளுக்கு வேற என்ன வேல?" என்றார். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பென் டிரைவில் ஏழு ஃபைல்கள். 'ஜனவரி அம்மா', 'பிப்ரவரி அம்மா' என்று அவரே பெயர் வைத்திருந்தார். அப்படியே விட்டால் கம்ப்யூட்டர் அகர வரிசையில் ஏப்ரலைத் தூக்கி முதலில் வைக்கும். அதனால் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். எடுக்கும்போதே போன் அந்த ஃபைலுக்குள் தேதியையும் நேரத்தையும் எழுதிவிடும். வெளியே பெயரை மாற்றினாலும் உள்ளே இருப்பது மாறாது. வருஷம், மாதம், நாள் என்று நிற்கும் அந்தத் தேதியை வரிசை குலையாமலிருக்க அப்படியே வைத்து, லண்டன் கணக்கில் இருக்கும் நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டி, எல்லாவற்றுக்கும் மொத்தமாகப் பெயர் மாற்றினேன்.

ஏழுக்கும் ஒரே தேதி வந்தது. முதல் வீடியோ மத்தியானம் பன்னிரண்டு பத்துக்கு. கடைசி பன்னிரண்டு ஐம்பதுக்கு.

ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். அவர் சட்டை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. கோடு போட்டது, கட்டம் போட்டது, வெள்ளை. அந்த அம்மாவுக்கு ஏழிலும் அதே சேலை, அதே கசங்கிய போர்வை. ஏழாவதில் அந்த அம்மா வாயைத் திறக்கவே இல்லை. கஞ்சி தாடையில் வழிந்தது. மகன் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் தேதியைக் காட்டியதும் அவர் கொஞ்சமும் கூசவில்லை.

"அதெல்லாம் யாருங்க பாக்கப் போறா? லீவு கெடைக்கல. மாசத்தப் போட்டு விடுங்க."

அப்போதுதான் தங்கை வாயைத் திறந்தார். அண்ணனிடம் அல்ல, என்னிடம்.

"அன்னைக்கு ஆத்தாவுக்குக் காச்சலுங்க. வேணாம் வேணாம்னு கையால தள்ளுனுச்சு. இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு இது சட்டைய மாத்திட்டு மாத்திட்டு வந்துச்சு. எல்லாத்தையும் நாந்தான் படம் புடிச்சேன்."

"நீ சும்மா இரு," என்றார் அண்ணன்.

"உண்மைத் தேதின்னா போட்டுத் தாரேன். மாசம்லாம் போட முடியாதுங்க," என்று பென் டிரைவைக் கழற்றி நீட்டினேன். "கடையா இது?" என்று பிடுங்கிக்கொண்டு போனார். தங்கையும் அவர் பின்னால் இறங்கிப் போனார்.

புதுக்கோட்டையில் எவனோ செய்து கொடுத்திருக்கிறான். தலைத்திவசத்தன்று வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றி என் மனைவியின் போனுக்கும் வந்தது. ஜனவரி முதல் ஜூலை வரை மாசம் போட்டு, பின்னணியில் புல்லாங்குழல் வேறு. "மகன்னா இப்படியில்ல இருக்கணும்!" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சேலையப் பாரு," என்றேன்.

மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பாதியிலேயே நிறுத்திவிட்டு, "தூ!" என்றாள்.