உதட்டில் சொன்ன மூன்று சொற்கள்

மூளைக்காய்ச்சல் இறங்கி என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து சாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினார். எழுபதுகளின் கடைசி அது. மில்லில் நாலு தறி பார்த்தவர். எங்கள் கல்யாணச் சேலையின் நிறம்கூட அவருக்கு நினைவிருந்தது. அப்போதுதான் வாங்கிய காபி நினைவில்லை. "காபி போடலியா?" என்று மூன்றாம் தடவை கேட்டபோது, "டம்ளரு கையிலதான இருக்கு!" என்று எரிந்து விழுந்தேன். பிறகு அடுப்படியில் போய் அழுதேன்.

குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மில்லில் மறுபடி சேர்ப்பார்கள். போனோம்.

"மூளைக்குள்ள, காதுக்கு உள்பக்கமா, கடல்குதிரை மாதிரி ஒரு பாகம் இருக்கும்மா. ஹிப்போகேம்பஸ்னு பேரு. காய்ச்சல் அதைக் கெடுத்திருக்கலாம். கேட்டதை உடனே திருப்பிச் சொல்லிடுவாரு. நடுவுல கவனம் திரும்பினா நினைவுல நிக்குதான்னு பாக்கணும்" என்றார் டாக்டர்.

தேங்காய்த்திட்டுக் கரையில் மீன் வலையோடு வரும் கடல்குதிரையைப் பார்த்திருக்கிறேன். இம்மாத்துண்டு இருக்கும். அது போய் எங்கள் குடியைக் கெடுப்பதா என்று ஆத்திரமாக வந்தது.

குடை, மாம்பழம், சைக்கிள். டாக்டர் சொன்னதும் அவர் டக்கென்று திருப்பிச் சொன்னார். அடுத்து டாக்டர் நூறிலிருந்து கீழே எண்ணச் சொன்னார். எண்பதில் நிறுத்தி, "அந்த மூணும் என்ன?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் விழித்தார். டாக்டருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். தறிச் சத்தத்தில் காது கேட்காது என்பதால் மில்காரர்கள் குரலில்லாமல் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்கள். வீட்டிலும் அவருக்கு அதே பழக்கம், எனக்கும் ஒட்டிக்கொண்டது. என்ன புத்தியோ, என் உதடு அசைந்துவிட்டது. அவர் பார்த்துப் பார்த்து மூன்றையும் சொன்னார். டாக்டர் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும்தான் எனக்கு உறைத்தது. அடிப்பாவி, என்ன காரியம் பண்ணினேன்! அறுந்த நூலை முடிச்சுப் போடத் தறியை நிறுத்துவார். யாராவது கூப்பிடுவார்கள். திரும்பி வந்து, நாலு தறியில் நிறுத்தியது எது என்று தெரியாமல், ஓடுகிற தறிக்குள் கையை விட்டால்? அங்கே யார் உதட்டை அசைப்பது?

அந்தக் காகிதம் அவர் மடியில்தான் இருந்தது.

"ஏ புள்ள, டாக்டரு நம்மள எப்பக் கூப்புடுவாரு?" என்றார். "பயமா இருக்கு."

"இதோ, இப்பத்தாங்க."

அவர் கையைப் பிடித்து மறுபடி உள்ளே கூட்டிப்போனேன். காகிதத்தை மேசைமேல் வைத்தேன்.

"அந்த மூணையும் நான்தான் சொல்லிக் குடுத்தேன், டாக்டர்."